வயிறு முன்னால், இடுப்பைக் காணவில்லை: என்ன உடுத்தலாம்?

கேள்வி: எனக்கு வயது 49. திருகோணமலையில் ஒரு அரச அலுவலகத்தில் வேலை. வேலை நாட்களில் சாறி, மற்ற நேரம் பஞ்சாபி. இரண்டு மூன்று வருஷமாக உடம்பு மாறிவிட்டது. கையும் காலும் முன்பு போல மெல்லிசுதான். வயிறு மட்டும் முன்னால் வந்து, இடுப்பு இருந்த இடமே தெரியவில்லை. பிளவுஸ் எல்லாம் மார்பில் சுருங்குகிறது, கீழே இறுக்குகிறது. மறைக்கலாம் என்று இரண்டு சைஸ் பெரிய குர்தா எடுத்தேன். கூடாரத்துக்குள் நிற்பது போல இருக்கிறது என்று மகள் சிரிக்கிறாள். அவளே போனில் ஒரு படமும் காட்டினாள், அப்பிள் உடம்பு, பேரிக்காய் உடம்பு என்று. நான் எது? மாமியோ, "இந்த வயசில இனி என்ன வடிவு, சாம்பல் நிறத்தில ஒண்டைக் கட்டிக்கொண்டு போ" என்கிறா. ஆவணியில் அக்காவின் மகனுக்குக் கல்யாணம். எனக்கு எது பொருந்தும் என்று சொல்வீர்களா?
(வாசகி, உப்புவெளி)

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்களைவிட மூத்தவள் என்பதால் இப்படிக் கூப்பிடுகிறேன், குறை நினைக்க வேண்டாம். தையல் மேசையில் இருந்துகொண்டு உங்கள் வயதுப் பெண்களுக்குத்தான் அதிகம் தைக்கிறேன். நீங்கள் எழுதியதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் "மறைக்கலாம் என்று இரண்டு சைஸ் பெரிதாக எடுத்தேன்" என்ற வரியில்தான் முழுச் சிக்கலும் இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

துணி உடம்பில் எங்கே முட்டுகிறதோ, அங்கிருந்துதான் கீழே விழும். உங்கள் தோளுக்கு இரண்டு சைஸ் பெரிய குர்தா தோளில் நிற்காமல் சரியும். சரிந்து மார்பில் முட்டும். மார்பின் முன்நுனியிலிருந்து நேரே முழங்கால் வரை தொங்கும். இடையில் உங்கள் உடம்பு எவ்வளவு உள்ளே போனாலும் பார்க்கிறவர்களுக்குத் தெரியப் போவதில்லை. மார்பின் அகலமே இடுப்பின் அகலமாக, வயிற்றின் அகலமாகத் தெரியும். அதாவது இல்லாத மொத்தத்தைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். மகள் சொன்னது சரிதான்.

உடுப்பு என்றால் ஓரிடத்தில் உடம்பைப் பிடிக்க வேண்டும், பிடித்த இடத்துக்குக் கீழே விட வேண்டும். எந்த உடம்புக்கும் இதுதான். எங்கே பிடிப்பது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். இருபது வயதில் இடுப்பில் பிடித்தோம். இப்போது அந்த இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். உங்களுக்குத் தோளும், மார்புக்குச் சரியாகக் கீழே விலா எலும்பு இருக்கும் இடமும் இன்னும் மெல்லிசாக இருக்கும். கை கால் மெல்லிசான பெண்களுக்கு அநேகமாக அப்படித்தான். அந்த இரண்டு இடத்தையும் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். இனி நான் சொல்லப் போவதெல்லாம் இதன் விரிவுதான்.

அதற்கு முன் உடம்பைப் பற்றி ஒரு சொல். மாதவிடாய் நிற்கும் வயது சராசரியாக 50, 51 அளவில் வருகிறது. அதற்குச் சில வருஷம் முன்பே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோன் ஏறி இறங்கி, பிறகு குறையத் தொடங்கும். அதுவரை தொடையிலும் பின்பக்கத்திலும் தங்கிய கொழுப்பு அதற்குப் பிறகு வயிற்றைத் தேடி வரும். நிறை கூடாமலே இடுப்பு தடிப்பதற்கு அநேகமாக இதுதான் காரணம். நீங்கள் சோற்றைக் குறைக்காததால் வந்த தண்டனை என்று நினைத்துக்கொண்டிருந்தால் அந்த நினைப்பை விடுங்கள். ஆனால் அளவு நாடாவை எடுக்கிற நேரத்தில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். தெற்காசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றர், அதாவது 31½ அங்குலம் தாண்டினால் சீனியும் பிரஷரும் பார்க்கச் சொல்வார்கள். எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகங்கள் பெண்களுக்கென்று நடத்தும் கிளினிக்கில் இதை இலவசமாகவே பார்க்கலாம். நிறை கூடாமல் வயிறு மட்டும் திடீரென்று ஊதிக்கொண்டே போனால், என்னைப் போன்ற தையல்காரியிடம் வராமல் முதலில் டாக்டரிடம் போங்கள்.

சரி, அப்பிளா பேரிக்காயா? நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அந்தப் படத்தில் அப்பிள் பக்கம்தான் வருவீர்கள். அதை வைத்து நான் ஒரு தையலும் போட முடியாது. அப்பிள் என்று சொல்லிக்கொண்டு வரும் இரண்டு பெண்களில் ஒருவருக்கு மார்புக்குக் கீழேயே வயிறு தொடங்கி தொப்புளுக்கு மேலே முன்தள்ளியிருக்கும். மற்றவருக்கு மேல்வயிறு தட்டையாக இருந்து, தொப்புளுக்குக் கீழே, பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு தங்கிய வயிறு இருக்கும். இருவருக்கும் சாறி கட்டும் உயரமே வேறு. ஆகவே பழத்தை விட்டுவிட்டு, உள்பாவாடையோடு கண்ணாடிக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டாம், எப்போதும் நிற்பது போல நில்லுங்கள். வயிற்றில் ஆக முன்னால் நிற்கும் இடம் எது? தொப்புளுக்கு மேலா, நேரேயா, கீழேயா? அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

இப்போது பிளவுஸ். இதில்தான் நான் அதிகம் பேசப் போகிறேன். சாறி கட்டுகிற பெண்ணின் தோற்றத்தில் பாதி பிளவுஸ்தான். நம்மில் கன பேர் சாறிக்குக் கொடுக்கும் காசில் கால்வாசியைக்கூட அதற்குக் கொடுக்க மாட்டோம், பத்து வருஷம் பழைய அளவுச் சட்டையைக் கொண்டுபோய் "இதே போலத் தைச்சுத் தாங்கோ" என்று சொல்லிவிட்டு வருவோம்.

அந்த அளவுச் சட்டைதான் எதிரி. மார்பு சுருங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் காரணம் அநேகமாக டாட், அதாவது மார்புக்கு இடம் கொடுக்க உள்ளே பிடித்துத் தைக்கும் கூர் மடிப்பு. வயதோடு மார்பு கீழே இறங்குகிறது. தோள் உச்சியிலிருந்து மார்பு நுனி வரை முன்பு 9½ அங்குலம் இருந்தவருக்கு இப்போது 10½ இருக்கலாம். பழைய சட்டையில் டாட் பழைய இடத்தையே நோக்கி நிற்கும். மேலே வெற்றிடமாகி அங்கே துணி சுருங்கும், கீழே இடம் போதாமல் இறுகும். சட்டை சின்னதாகிவிட்டது என்று நினைத்து ஒரு சைஸ் பெரிதாகத் தைப்பீர்கள், சுருக்கம் அப்படியே இருக்கும், தோள் மட்டும் கழன்று விழும். அடுத்த முறை தைக்கக் கொடுக்கும்போது தோளிலிருந்து மார்பு நுனி வரை புதிதாக அளக்கச் சொல்லுங்கள். அளக்காமல் "பழசு போலவே தைக்கிறேன்" என்கிறவரிடம் துணியைக் கொடுக்காதீர்கள்.

அளப்பதற்கு முன் உள்ளே போடுவதைச் சரிசெய்யுங்கள். பழைய பிரா அணிந்து அளவு கொடுத்தால் அளவும் பழையதுதான். பிராவின் பட்டி முதுகில் மேலே ஏறிக் கிடந்தால் அது தளர்ந்துவிட்டது என்று அர்த்தம், தூக்கும் வேலையை அது செய்யவில்லை. தோள் பட்டியை இழுத்து இறுக்கினால் தோளில் தழும்பு விழுமே தவிர மார்பு எழாது. சரியான பட்டி அளவு மார்புக்குக் கீழே, தரைக்குச் சமாந்தரமாக நிற்க வேண்டும். மார்பு தன் இடத்துக்கு ஏறினால் அதற்கும் வயிற்றுக்கும் நடுவே இரண்டு அங்குல இடைவெளி தெரியும். அந்த இரண்டு அங்குலம்தான் உங்கள் புதிய இடுப்பு. ஒரு புதுச் சாறிக் காசில் மூன்று நல்ல பிரா வாங்கலாம், இந்த வருஷம் அதைச் செய்யுங்கள் என்பது என் புத்திமதி.

கைக்குழியைப் பற்றி ஒரு தப்பான நம்பிக்கை இருக்கிறது. கை தூக்க லேசாக இருக்கும் என்று கைக்குழியை ஆழமாக வெட்டச் சொல்வார்கள். நடப்பது நேர்மாறு. குழி ஆழமாக இருந்தால் கையைத் தூக்கும்போது பிளவுஸ் முழுதாக மேலே ஏறும். மூதூரிலிருந்து வரும் ஒரு ஆசிரியை கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் இடது கையால் பிளவுஸைப் பின்னால் இழுத்துவிட்டே எழுதுவதாகச் சொன்னா. பார்த்தால் குழி அக்குளிலிருந்து நன்றாகக் கீழே. அக்குளுக்கு ஒட்டியதாக வெட்டி, கையின் மேல்பகுதியில் கொஞ்சம் துணி கூட்டி வைத்ததும் பிரச்சினை தீர்ந்தது. அளவு கொடுத்த பிறகு போட்டுப் பார்க்கும்போது இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்குங்கள். கீழ்விளிம்பு அரை அங்குலத்துக்கு மேல் ஏறக் கூடாது. பிறகு கதிரையில் உட்கார்ந்து பாருங்கள். இருக்கும்போது சுற்றளவு கூடும், அலுவலகத்தில் நீங்கள் நிற்பதைவிட இருப்பதுதான் அதிகம். கீழ்ப்பட்டி அளவை இருந்த நிலையில் எடுக்கச் சொல்லுங்கள்.

நீளத்தையும் ஒன்றரை அங்குலம் கூட்டலாம். மார்புக்குக் கீழே பட்டி நின்றுவிடும் குட்டைப் பிளவுஸ், அதற்குக் கீழே பிதுங்கும் சதையைக் கோடு போட்டுக் காட்டும். கொஞ்சம் நீளமாக, கீழே இறுக்காமல் விட்டால் அந்தக் கோடே இராது. கைக்கு நீங்கள் பயப்பட ஒன்றும் இல்லை, மெல்லிசுக் கை உங்கள் சொத்து. நடுக்கை வரை தாராளமாக விடுங்கள், முழங்கை வரை மூடி வைக்க வேண்டியதில்லை. பின்கழுத்தை மட்டும் அளவுக்கு மீறி ஆழமாக்க வேண்டாம். பின்னால் பிடிமானம் போனால் தோள் சரியும், தோள் சரிந்தால் நான் முதலில் சொன்ன பிடி போய்விடும். லைனிங் வைப்பதானால் மெல்லிய பருத்தியில் வையுங்கள். இந்த வயதில் திடீரென்று முகம் சிவந்து வியர்த்துக் கொட்டும், அப்போது பொலியெஸ்டர் லைனிங்கை யாரும் தாங்க முடியாது. இன்னுமொன்று, பக்கத் தையலில் உள்ளே ஒவ்வொரு பக்கமும் ஒரு அங்குலம் துணி விடச் சொல்லுங்கள். உடம்பு இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது, பிரித்துவிட வசதி வேண்டும்.

அடுத்தது உள்பாவாடை. கடையில் வாங்கும் பாவாடை நாடா போட்டுச் சுருக்கியது. அந்தச் சுருக்கு முழுவதும் வயிற்றைச் சுற்றி ஒரு மடிப்பு வளையமாக நிற்கும், அதற்கு மேலே சாறியின் கொசுவமும் செருகலும் வரும். வயிற்றில் ஒரு அங்குலம் நாமே கூட்டிக்கொள்கிறோம். ஆறு துண்டு வைத்து, மேலே தட்டையாகவும் கீழே விரிந்தும் தைத்த பாவாடையைப் போடுங்கள். நாடாவுக்குப் பதில் மூன்று அங்குல அகலப் பட்டி, பக்கத்தில் கொக்கி. அகலப் பட்டி வயிற்றைத் தட்டையாகப் பிடிக்கும், அறுக்காது. நாடாவை இறுக்கிக் கட்டிக் கட்டி இடுப்பில் கறுத்துப்போன கோடு உங்களுக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தக் கோட்டில் தோல் உரிந்து புண்ணாகி, ஆறாமல் இருந்தால் அதைச் சும்மா விடக் கூடாது, தோல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பாவாடையை எந்த உயரத்தில் கட்டுவது? இங்கேதான் கண்ணாடியில் பார்த்த இடம் தேவை. வயிறு தொப்புளுக்குக் கீழே முன்தள்ளி இருந்தால் தொப்புளுக்கு நேரே, அல்லது அரை அங்குலம் மேலே கட்டுங்கள். வயிறு பாவாடைக்குள் போய்விடும். பலர் செய்வது போல வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டினால் அது பட்டிக்கு மேலாகத் தொங்கும். மேல்வயிறு பெரிதென்றால் கொஞ்சம் இறக்கிக் கட்டலாம், நீளப் பிளவுஸும் தலைப்பும் மேலே பார்த்துக்கொள்ளும். நேரே தொப்புளில்தான் பெரிது என்றால் அதற்கு மேலே கட்டுங்கள். எப்படியும் ஆக முன்னால் நிற்கும் இடத்தின் மேலேயே செருகல் தடிப்பு வந்து உட்காரக் கூடாது.

கொசுவம் நிறைய வைத்தால்தான் வடிவு என்று நினைக்கிறோம். ஐந்தரை மீற்றர் சாறியில் எல்லா மிச்சத்தையும் கொசுவமாக்கி நடுவில் செருகினால் பத்து மடிப்புத் துணி வயிற்றின் மேலே இருக்கும். மடிப்பை அகலமாக எடுத்து ஐந்து, ஆறோடு நிறுத்துங்கள். தொப்புளுக்கு நேரே செருகாமல் இரண்டு விரல் இடது பக்கம் தள்ளிச் செருகி, விரலால் நீவித் தட்டையாக்கி, உள்ளே பாவாடையோடு சேர்த்து ஒரு பின் குத்துங்கள். மிச்சத் துணி தலைப்புக்குப் போகட்டும், தலைப்பு நீளமாக விழுவது உயரத்தைக் கூட்டிக் காட்டும்.

தலைப்பை நான்கு விரல் அகலத்துக்கு மடித்துத் தோளில் ஒட்டக் குத்துவது அலுவலகத்துக்கு வசதிதான். ஆனால் அது பக்க வயிற்றைத் திறந்துவிடும். மடிப்பை ஆறு அங்குலம் வரை அகலமாக்கி, மேல்விளிம்பை மார்புக்கு மேலே இழுத்துவிட்டு, கீழ்விளிம்பைக் கொஞ்சம் தளர்த்தி இடுப்புப் பக்கத்தை மூட விடுங்கள். வலது இடுப்பிலிருந்து இடது தோளுக்குப் போகும் அந்தச் சாய்ந்த கோடுதான் சாறியின் பெரிய வித்தை. வயிற்றைக் குறுக்கே வெட்டாமல் கண்ணை மேலே கொண்டுபோகும். நடு வயதுக்கு இதைவிட நல்ல உடுப்பு ஒன்றை யாரும் தைத்துத் தர முடியாது என்பது என் கட்சி. சாறி கட்டினால் வயதாகத் தெரிகிறது என்பவர்களைப் பாருங்கள், அநேகமாகப் பிளவுஸ் பொருந்தியிராது.

துணி தெரிவில் இரண்டு அந்தத்தையும் விலக்குங்கள். கஞ்சி போட்டு விறைத்த பருத்தி உடம்பை விட்டு விலகி நின்று பெரிதாகக் காட்டும். சிபோன், மெல்லிய ஜோர்ஜெட் ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதையெல்லாம் காட்டும். நடுவில் இருப்பதை எடுங்கள். கழுவிக் கழுவிப் பதமான பருத்தி, பட்டு கலந்த பருத்தி, கிரேப், லினன் கலப்பு எல்லாம் நல்லவை. மருதமுனைக் கைத்தறிச் சாறி உங்களிடம் இருந்தால் கஞ்சி போடுவதை நிறுத்திவிட்டு நாலைந்து தரம் கழுவிக் கட்டிப் பாருங்கள், அது விழுகிற விதமே மாறும்.

நம்முடைய ஊரில் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் காலத்தில் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கோட்டை வாசல் தாண்டி மேலே ஏற ஏறக் காற்று கூடும். மெல்லிய சாறி கட்டிய பெண்கள் ஒரு கையால் அர்ச்சனைத் தட்டு, மறு கையால் கொசுவம், தலைப்பைப் பல்லால் பிடிக்காத குறை. காற்று முன்னாலிருந்து அடித்தால் மெல்லிய துணி வயிற்றில் அப்படியே ஒட்டும். ஆகவே கோயிலுக்கும் கடற்கரைப் பக்கத்துக்கும் கொஞ்சம் பாரம் உள்ள சாறி வேண்டும். கீழ்விளிம்பில் உள்பக்கமாக நல்ல ஃபோல்ஸ் பட்டி தைத்திருக்க வேண்டும். முழங்கால் உயரத்தில் கொசுவத்தின் உள்மடிப்புகளை மட்டும் ஒரு பின் குத்திச் சேர்த்துவிடுங்கள், நடக்கத் தடை இல்லாமல் ஒரே கட்டாக நிற்கும்.

பஞ்சாபிக்கு வருகிறேன். குர்தாவைத் தோள் அளவுக்கு வாங்குங்கள். தோள் தையல் உங்கள் தோள் எலும்பின் நுனியில் நிற்க வேண்டும், கைக்கு இறங்கக் கூடாது. அந்தச் சைஸில் வயிறு இறுக்கினால், மார்புக்குக் கீழே வெட்டு வைத்து அதிலிருந்து விரிந்து விழும் மாதிரி தேடுங்கள், அல்லது அப்படித் தைப்பியுங்கள். பிடிக்க வேண்டிய இடம் மார்புக்குக் கீழே என்றேனே, அதுதான் இது. ஆனால் அந்த வெட்டில் சுருக்கு வைக்க விடாதீர்கள், பிள்ளைத்தாச்சி போலத் தெரியும். சுருக்கில்லாமல், துணியைச் சாய்வாக வெட்டி விரிய விட வேண்டும்.

பக்கத் திறப்பு எங்கே தொடங்குகிறது என்றும் பாருங்கள். கடைக் குர்தாக்களில் அது பெரும்பாலும் இடுப்பெலும்புக்குப் பக்கத்திலேயே தொடங்கிவிடும். வயிறு உள்ளவர்களுக்கு முன்துணி அங்கேயே இழுபட்டுத் திறப்பு வாயைப் பிளக்கும். மூன்று அங்குலம் கீழே வரை தைத்து மூடிவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. நீளம் முழங்காலுக்குக் கீழே இரண்டு மூன்று அங்குலம் போதும். கால் மெல்லிசு என்பதால் தொளதொள சல்வாரைவிட நேரான காற்சட்டை உங்களுக்கு எடுப்பாக இருக்கும். கணுக்கால் தெரியட்டும். ஸ்கூட்டியில் போகிறவர் என்றால் அதுதான் பத்திரமும்கூட. சோல் துணியை (துப்பட்டாவை) இரண்டு தோளிலும் V போலப் போட்டு மார்பை மூடும் பழக்கத்தை விட்டு, ஒரு தோளில் நீளமாக விடுங்கள். நீளக் கோடு ஒன்று இலவசமாகக் கிடைக்கும்.

குறுக்குக் கோடு மொத்தமாகக் காட்டும் என்று மகள் நிச்சயம் சொல்லியிருப்பாள். 19ஆம் நூற்றாண்டிலேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, குறுக்குக் கோடு போட்ட ஒரு சதுரம் உயரமாகத் தெரிகிறது என்று எழுதிவைத்தார். 2011இல் இங்கிலாந்தின் யோர்க் பல்கலைக்கழகத்தில் பெண்களின் உருவப்படங்களை வைத்துச் சோதித்தவர்களும் குறுக்குக் கோடு குண்டாகக் காட்டவில்லை என்றுதான் கண்டார்கள். மெல்லிய கோடுதான் அங்கே பேச்சு. எட்டு அங்குல ஜரிகைக் கரை வேறு கதை, அது குட்டையானவரைக் குறுக்கே வெட்டிவிடும். கரை மூன்று, நான்கு அங்குலத்துக்குள் இருக்கட்டும்.

நிறத்தில் மாமியோடு எனக்கு உடன்பாடு இல்லை. சாம்பல் நிறத்தில் வியர்வை படும் இடமெல்லாம் கருந்திட்டாகத் தெரியும், வெக்கை வந்து வியர்க்கிற வயதில் அதைப் போல மோசமான நிறம் வேறு இல்லை. மாமியிடம் இந்தக் காரணத்தைச் சொல்லுங்கள், வயதைப் பற்றி வாதாட வேண்டாம், வெல்ல மாட்டீர்கள். தலையில் நரை விழத் தொடங்கியதும் முன்பு பொருந்திய நிறங்கள் சில முகத்தைச் சோர்வாக்கும், பொருந்தாத சில இப்போது பொருந்தும். கடைக்குள் டியூப் லைட்டில் முடிவெடுக்காதீர்கள். சாறியைக் கழுத்தோடு பிடித்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்து கண்ணாடி பாருங்கள். முதலில் முகம் தெரிந்தால் எடுங்கள், சாறி தெரிந்தால் வைத்துவிடுங்கள். கடைக்காரப் பிள்ளை முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும்.

கல்யாணத்துக்கு என்ன? ஆவணி இங்கே இன்னும் வெயில்தான், மழைக்கு ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும். மண்டபத்தில் விளக்கும் கூட்டமும் சேர்ந்தால் பாரமான காஞ்சிபுரம் வேக வைத்துவிடும். அதுவும் மாப்பிள்ளையின் சித்தி நீங்கள், காலையிலிருந்து ஓடியாட வேண்டியவர். மெல்லிய பட்டு, சிறு கரை, சாறியின் உடலில் சிறு புட்டா (பூவேலை). பிளவுஸ் சாறியின் நிறத்திலேயே, அல்லது அதைவிட ஒரு படி அடர்த்தியான நிறத்தில். மேலிருந்து கீழ் வரை ஒரே நிறம் ஓடினால் இடுப்பு எங்கே என்று யாரும் தேட மாட்டார்கள். ஜரிகை வேலை வேண்டுமென்றால் கையிலும் கழுத்திலும் வையுங்கள், கீழ்ப்பட்டியில் வேண்டாம். வயிற்றை அமுக்கும் இறுக்கு உள்ளாடை வாங்க நினைத்தால், வாங்கி ஒரு நாள் வீட்டில் போட்டுக்கொண்டு சோறு சாப்பிட்டுப் பாருங்கள். நிறையப் பேர் அதை அன்றோடு அலுமாரியில் வைத்துவிடுகிறார்கள்.

தைக்க இப்போதே கொடுத்துவிடுங்கள். ஆவணி முகூர்த்தத்துக்கு ஆடியிலேயே தையல்காரர்களின் மேசை நிறைந்துவிடும், அவசரத்தில் தைத்த பிளவுஸை இரண்டாம் தரம் போட்டுப் பார்த்துத் திருத்த அவகாசம் இராது. முதல் தரம் போட்டுப் பார்க்கும்போது அன்றைக்குப் போடப் போகும் பிராவையும் பாவாடையையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

பழைய பிளவுஸ்களை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். உள்ளே துணி விட்டிருந்தால் பக்கத் தையலைப் பிரித்துக் கூட்டலாம். விடவில்லை என்றால் அக்குளிலிருந்து கீழ் வரை பக்கத்தில் ஒன்றரை அங்குலத் துண்டு வைக்கலாம், சாறியின் ஓரத்தில் எடுத்த துணியில் வைத்தால் கை மறைத்துவிடும். டாட் மேலே இருப்பதைப் பிரித்து இறக்கினால் பழைய தையல் துளை தெரியும். கருநிறத்தில் கவலையில்லை, வெளிர்நிறத்தில் அதைச் செய்யாதீர்கள். அப்படிப்பட்டவற்றை அக்கா வீட்டுப் பெண்பிள்ளை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அந்த இரண்டு சைஸ் பெரிய குர்தாவை மட்டும் யாருக்கும் கொடுக்க வேண்டாம், துணி நல்லதென்றால் என்னிடம் கொண்டு வாருங்கள். தோளை வெட்டிக் குறைத்து, மார்புக்குக் கீழே பிடித்துத் தருகிறேன்.